மைன்கிராஃப்ட் கிராமத்தின் பொதுக் களஞ்சியம்: கேள்வி பதில்

கடலூர், புதுச்சேரி நண்பர்கள் சேர்ந்து விளையாடும் மைன்கிராஃப்ட் கணினி விளையாட்டுச் சர்வரில் களஞ்சியப் பொறுப்பு என்னுடையது. ஜாவா பதிப்பு, மோட் (விளையாட்டை மாற்றும் கூடுதல் நிரல்) எதுவும் இல்லை. சாப்பாட்டைப் பற்றி மட்டும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். கேட்டவரின் ஊர்ப் பெயரோடு வந்த கேள்விகளும் என் பதில்களும் இவை.

அரியாங்குப்பம்: அக்கா, ஆளுக்கு எத்தனை ரொட்டின்னு கணக்கு வைக்கணும்?

தலைக்கணக்கு போடாதீங்க, வேலைக்கணக்கு போடுங்க. சும்மா நிற்கிறவருக்கு இந்த விளையாட்டில் பசியே எடுக்காது. ஓடினால், குதித்தால், சண்டை போட்டால், அடிபட்ட உடம்பு ஆறினால் வயிற்று நிறைவைக் காட்டும் பசிப் பட்டை இறங்கும். வீட்டுக்குள் அலங்காரம் செய்கிறவருக்கு ஒரு ரொட்டி நெடுநேரம் தாங்கும். சுரங்கத்தில் எலும்புக்கூடுகளோடு மல்லுக்கட்டுகிறவருக்குக் கை நிறைய வேண்டும்.

இப்போது விளைச்சல். நடுவில் ஒரு கட்டம் தண்ணீர், சுற்றி ஒன்பதுக்கு ஒன்பது வயல் என்றால் 80 செடி நிற்கும். 3 கோதுமைக்கு 1 ரொட்டி. ஆக ஒரு அறுவடைக்கு 26 ரொட்டி, 2 கோதுமை மிச்சம். பசிப் பட்டையின் 20 புள்ளியில் ஒரு ரொட்டி 5 நிரப்பும். அதே வயலில் உருளைக்கிழங்கு போட்டால் செடிக்கு 2 முதல் 5 கிழங்கு கிடைக்கும். ஒன்றைத் திரும்ப நட்டது போக, 80 செடிக்குக் குறைந்தது 80 கிழங்கு களஞ்சியத்துக்கு வந்துவிடும். சுட்ட கிழங்கும் ரொட்டி போலவே 5 புள்ளிதான். சுட நிலக்கரி வேண்டும், ஒரு துண்டுக்கு 8 கிழங்கு வேகும். அந்தச் செலவு செலவே இல்லை. வாய்க்கு உருளை, மாட்டுக்குக் கோதுமை. நம் கிராமத்தில் எல்லாரும் கோதுமையையே நட்டுவிட்டுப் பஞ்சம் என்று புலம்புவதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

லாஸ்பேட்டை: செஸ்ட் பெட்டியில் வைத்த கறி கெட்டுப்போகுமா?

போகாது. எத்தனை மாதமானாலும் அப்படியே இருக்கும். சாப்பாடு கெட்டுப்போகும் கணக்கு ‘டோன்ட் ஸ்டார்வ் டுகெதர்’ ஆட்டத்தில் உண்டு, அதை ஆடுகிறவர்களிடம் கேளுங்கள்.

தவளக்குப்பம்: ஃபெஞ்சல் புயலப்போ கரண்ட் இல்லாம எங்க பக்கம் யாருமே உள்ள வரல. திரும்பி வந்து பாத்தா பயிர் போட்டபடியே நிக்குது. சர்வர்ல கோளாறா?

கோளாறு இல்லை தம்பி. யாராவது அருகில் இருந்தால்தான் பயிர் வளரும். ஆள் இல்லாத நிலம் அப்படியே உறைந்து நிற்கும். சர்வர் ஓடிக்கொண்டிருந்தாலும், எல்லாரும் தொலைதூரச் சுரங்கத்தில் இருந்தால் ஊர் வயல் வளராது. இதனால்தான் வயலை ஊருக்கு வெளியே தள்ளி வைக்காதீர்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன். உலை, படுக்கை, வியாபாரிகள் (விளையாட்டே இயக்கும் கிராமத்தார்) இருக்கும் இடத்தை ஒட்டி வயலை வையுங்கள். நீங்கள் வேறு வேலையாக நிற்கும் நேரத்திலெல்லாம் பயிர் தானாக ஏறும். இரவிலும் வளர தீப்பந்தம் நடுங்கள். வயலில் குதிக்காதீர்கள். நடக்கலாம், ஓடலாம். குதித்து இறங்கினால் உழுத மண் வெறும் மண்ணாகிப் பயிர் பிடுங்கிக்கொள்ளும்.

நெல்லிக்குப்பம்: எங்ககிட்ட கரும்பு நிறைய இருக்கு. பொங்கலுக்கு எல்லாருக்கும் கேக் வைக்கலாமா?

தாராளமாக. 3 கோதுமை, 3 பால், 2 சர்க்கரை, 1 முட்டை. ஒரு கேக்கில் 7 துண்டு, துண்டுக்கு 2 புள்ளி, மொத்தம் 14. அதே 3 கோதுமையில் ரொட்டி 5 புள்ளிதான் தரும். ஆனால் கேக் சாப்பிட்ட வயிறு சீக்கிரம் காலியாகும். வைத்த கேக்கைத் திரும்ப எடுக்கவும் முடியாது. ஊர் நடுவில் திருவிழாவுக்கு வையுங்கள், சுரங்கத்துக்குக் கட்டிக் கொடுக்காதீர்கள்.

பண்ருட்டி: பட்டியில இருந்த மாடெல்லாம் காணோம். யார் வெட்டினாங்கன்னு கண்டுபிடிக்க வழி உண்டா?

சர்வரில் ‘கோர்புரொடெக்ட்’ என்ற செருகுநிரல் போட்டால், அதன் பிறகு யார் வெட்டினார், யார் செஸ்டிலிருந்து எடுத்தார் என்று பதிவு இருக்கும். அதைவிட முக்கியமானது ஒன்று: கடைசி ஜோடியை வெட்டாதீர்கள். இரண்டு மாடு இருந்தால் ஆளுக்கொரு கோதுமை கொடுத்துக் கன்று வாங்கலாம். கன்று பெரிதாக 20 நிமிடம், தாய் மாடு அடுத்த ஈற்றுக்கு 5 நிமிடத்தில் தயார். ஒற்றை மாடு மிஞ்சினால் மந்தை அங்கேயே முடிந்தது. பட்டி வாசலில் பலகை எழுதி வையுங்கள்.

கடலூர் முதுநகர்: வைரம் கொண்டு வர்றது நாங்க. எங்களுக்கு ரொட்டியும் உருளையும் குடுத்தா எப்படி? பொன் கேரட் சுரங்கக்காரங்களுக்கு மட்டும்னு ஒதுக்குங்க.

பொன் கேரட் 6 புள்ளி. அதோடு கண்ணுக்குத் தெரியாத வயிற்றிருப்பு ஒன்று உண்டு, அது தீர்ந்த பிறகுதான் பசிப் பட்டை இறங்கத் தொடங்கும். பொன் கேரட்டில் அந்த இருப்பு 14.4, ரொட்டியில் 6. நீங்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் சுட்ட மாட்டுக்கறி 8 புள்ளி, இருப்பு 12.8. இரண்டையும் கூட்டிப் பாருங்கள்: கேரட் 20.4, கறி 20.8. கறி போதும்.

முதுநகர்: கறி எங்க இருக்கு? மாடு இல்லன்னு இப்பத்தானே பேசினீங்க.

சரியான கேள்வி. கறி இல்லாததற்குக் காரணம் மேலே இருக்கிறது: கடைசி ஜோடி.

பாகூர்: அக்கா, நானும் பேசணும். நாங்க நடுறோம். சுரங்கக்காரங்க போற வழியில அறுத்துக்கிட்டு, திரும்ப நடாம போயிடறாங்க. உழைக்காதவங்களுக்குக் களஞ்சியத்தை மூடுங்க.

வடலூர்: மூடக்கூடாது. எங்க ஊர் தரும சாலையில வள்ளலார் 1867ல ஏத்தின அடுப்பு இன்னிக்கும் எரியுது. பசிச்சு வர்றவங்களை நீ என்ன வேலை செஞ்சேன்னு அங்க யாரும் கேக்கறதில்ல.

பாகூர்: அங்க மூட்டை மூட்டையா அரிசி வருதே. இங்க யார் கொண்டு வர்றா?

முதுநகர்: நிலக்கரி நாங்கதான் கொண்டு வர்றோம். அது இல்லாம எதைச் சுடுவீங்க?

மூன்று பேருக்கும் சேர்த்து.

சாப்பாட்டை மூட நான் சம்மதிக்க மாட்டேன். பசிப் பட்டை 6 புள்ளிக்கு இறங்கினால் ஓட முடியாது. 18க்குக் கீழே காயம் ஆறாது. அப்படி ஒருவர் ஊருக்குள் வந்தால் முதலில் சாப்பிடட்டும். வடலூர் நண்பர் சொல்வது எனக்கு முழுச் சம்மதம்.

ஆனால் பாகூர் தம்பியின் கோபம் சாப்பிட்டதைப் பற்றியது இல்லை, நடாமல் போனதைப் பற்றியது. ஒருவர் பத்து ரொட்டி தின்றால் பத்து ரொட்டிதான் நட்டம். ஒரு வரிசையை அறுத்துவிட்டு நடாமல் போனால் அடுத்த எல்லா அறுவடையிலும் அந்த வரிசை நட்டம். ஊர் பட்டினி கிடப்பது இதனால்தான். எனவே இரண்டு செஸ்ட். வாசலில் இருப்பது சாப்பாடு, யாரும் எடுக்கலாம், கணக்கு கேட்க மாட்டோம். உள்ளே இருப்பது விதை, கேரட், கிழங்கு, மாட்டுக் கோதுமை. அதை வயல்காரர்கள் மட்டும் தொடுவார்கள். அறுத்தவர் அந்த இடத்திலேயே நட வேண்டும். கையில் விதை இல்லாதவர் வயலில் கை வைக்கக் கூடாது.

பொன் கேரட்டுக்கு இன்னொரு வழி இருக்கிறது. உச்ச நிலைக்கு ஏறிய விவசாயி வியாபாரி 3 எமரால்டுக்கு (வியாபாரிகளிடம் காசாகச் செல்லும் பச்சைக் கல்) 3 பொன் கேரட் தருவார். அவரிடம் கோதுமையை விற்காதீர்கள். 20 கோதுமைக்கு ஒரே எமரால்ட், 6 ரொட்டியைக் கொடுத்து ஒரு கேரட் வாங்குவது போல ஆகும். பூசணியைக் கொடுங்கள், 6 பூசணிக்கு ஒரு எமரால்ட். பூசணிக் கொடி பறித்த பிறகும் நிற்கும், திரும்ப நட வேண்டியதில்லை. நடுவதை மறக்கும் சுரங்கக்காரர்களுக்கு இதைவிடப் பொருத்தமான பயிர் இல்லை.

முதுநகர்: பூசணி நாங்க பாத்துக்கறோம். சுரங்க வாசல்லயே போடலாமா?

போடுங்கள். விற்று வரும் கேரட் முழுவதும் உங்களுக்கே.

பாகூர்: அப்ப நிலக்கரி?

தனியாகக் கேளுங்கள். கொடுப்பார்கள்.

வில்லியனூர்: ஆளுக்கு எத்தனை ரொட்டி வேணும்?

முதல் பதில்.

திருப்பாதிரிப்புலியூர்: செஸ்டைப் பூட்ட முடியுமா?

சர்வர் கட்டளையோ செருகுநிரலோ இல்லாமல் முடியாது. எண்டர் செஸ்டில் வைத்தால் உங்களைத் தவிர யாரும் பார்க்க முடியாது. உங்கள் வாளை அங்கே வையுங்கள், ஊர்ச் சாப்பாட்டை அல்ல.

முத்தியால்பேட்டை: சாப்பாட்டுச் செஸ்டுக்குப் பூட்டு?

இப்போதுதான் சொன்னேன்.

நெய்வேலி: ஜாம்பி கறி மலை மாதிரி சேர்ந்திருக்கு. தின்னலாமா?

4 புள்ளி தரும், ஆனால் நூற்றுக்கு எண்பது முறை பசிப் பட்டை இன்னும் வேகமாக இறங்கும். நாய்க்குப் போடலாம், அதற்கு ஒன்றும் ஆகாது. பூசாரி வியாபாரி 32க்கு ஒரு எமரால்ட் தருவார்.

காலாப்பட்டு: கோழி வளர்க்கலாமா?

வளர்க்கலாம். கோதுமை விதையே தீனி. கடைசி ஜோடி.

மஞ்சக்குப்பம்: சுரங்கத்துக்குள்ள நிலக்கரி கிடைக்கறதுக்கு முன்னாடி பச்சைக் கறியை எப்படிச் சுடறது?

கேம்ப்ஃபயர். ஒரே நேரத்தில் 4 துண்டு, 30 விநாடியில் தயார், எரிபொருள் போட வேண்டாம். செய்ய 3 மரம், 3 குச்சி, 1 கரி. நிலக்கரி கிடைக்காவிட்டால் ஊரிலேயே மரத்தை உலையில் சுட்டு மரக்கரி எடுத்துக்கொண்டு போங்கள்.