வளர்ச்சி ஹார்மோன் கூடினால் பிட்யூட்டரிக் கட்டியா?

கோத்தகிரியிலுள்ள உங்கள் தந்தைக்குக் கல்லீரல் சுருக்கமும் சர்க்கரை நோயும் இருக்க, வளர்ச்சி ஹார்மோன் கூடியிருப்பது மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரிச் சுரப்பியில் வந்த கட்டியாலா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த ஓர் எண்ணை வைத்து அப்படிச் சொல்ல முடியாது. பிட்யூட்டரி சுரக்கும் இந்த ஹார்மோன் கல்லீரலை எட்டியதும் அங்கே ஐஜிஎஃப்-1 என்ற இன்னொரு ஹார்மோன் உருவாகி, ரத்தத்தின் வழியே திரும்பிச் சென்று பிட்யூட்டரியின் சுரப்பை அடக்குகிறது. கல்லீரல் நலிந்தால் ஐஜிஎஃப்-1 குறைந்து, அடக்குவாரின்றிச் சுரப்பு கூடுகிறது. இன்சுலின் போதாத முதல் வகைச் சர்க்கரை நோயிலும் ஏறத்தாழ இதே கதைதான். கட்டியைக் கண்டறிய உதவும் குளுக்கோஸ் சோதனையும் இங்கே குழப்பலாம். நலமாக இருப்பவர் 75 கிராம் குளுக்கோஸ் கரைத்த நீரைக் குடித்தால் வளர்ச்சி ஹார்மோன் இறங்கும்; கட்டி இருந்தால் பொதுவாக அப்படி இறங்காது. கல்லீரல் சுருக்கம் உள்ள சிலருக்கோ, விந்தையாக, ஏறவும் செய்யும். கட்டியென்றால் பொதுவாக ஐஜிஎஃப்-1 அளவும் உயரும் என்பதால் அதையும் பார்க்கச் சொல்லுங்கள். ஆனால் கல்லீரல் மிக நலிந்திருந்தால் அந்த உயர்வு மறைந்துபோகலாம். கட்டியால் இந்த ஹார்மோன் கூடினால் கைகால்கள் பெருக்கும்; எனவே மோதிரம் இறுகியிருக்கிறதா, குளிருக்குப் போடும் ஷூவின் அளவு சில ஆண்டுகளில் கூடியிருக்கிறதா என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.