சர்க்கரை நோயில் நரம்பு வலி: மைக்ரோ ஆர்.என்.ஏ. கேள்வி பதில்

டாக்டர், இந்த வலியில் மைக்ரோ ஆர்.என்.ஏ.வுக்கு என்ன வேலை?
நல்ல கேள்வி, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். சுமார் 22 மரபு எழுத்து நீளமுள்ள சிறிய ஆர்.என்.ஏ. துண்டு அது. தானாக எந்தப் புரதத்தையும் உண்டாக்காது. மற்ற மரபணுக்களின் தூது ஆர்.என்.ஏ.வில், அதாவது புரதம் செய்யும் குறிப்பைச் சுமந்து போகும் இழையில், ஒட்டிக்கொண்டு, புரத உற்பத்தியைக் குறைக்கும். 1993-ல் ஒரு புழுவில் இதைக் கண்டறிந்த விஞ்ஞானிகள் விக்டர் அம்ப்ரோஸுக்கும் கேரி ருவ்குனுக்கும் 2024-ல் நோபல் பரிசு கிடைத்தது.

ரத்தத்தில் சர்க்கரை கூடியே கிடந்தால் என்.எஃப்.-கப்பா-பி என்ற புரதம் விழித்துக்கொள்ளும். அது டி.என்.எஃப்.-ஆல்ஃபா, ஐ.எல்.-1 பீட்டா போன்ற அழற்சிப் பொருட்களைச் சுரக்க வைக்கும். இவை முதுகுத்தண்டை ஒட்டிய உணர்வு நரம்பு முடிச்சுகளைச் சீண்டுவதால், போர்வை பட்டாலே கால் எரிகிறது. மிர்-146ஏ என்ற மைக்ரோ ஆர்.என்.ஏ. இந்த அழற்சிப் பாதையில் உள்ள ஐராக்-1, டிராஃப்-6 என்ற இரண்டு புரதங்களையும் அடக்கும். சர்க்கரை நோயுள்ள சுண்டெலிகளின் அந்த முடிச்சுகளில் 146ஏ குறைந்திருந்தது. அதை வெளியிலிருந்து செலுத்தியபோது நரம்பில் செய்தி போகும் வேகம் தேறியது.

இதற்கு ரத்தப் பரிசோதனை உண்டா?
ஆய்வுக்கூடத்தில் உண்டு. உங்களுக்குத் தேவையில்லை. 10 கிராம் அழுத்தம் தரும் நைலான் இழையைக் காலில் வைத்து, தொடு உணர்வு இருக்கிறதா என்று டாக்டரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

இரவில் எரிகிறது, வெந்நீரில் கால் வைக்கலாமா?
வேண்டாம். சூடு தெரியாத காலில் கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும்.

அழற்சிதான் காரணம் என்கிறீர்கள். அப்புறம் ஐபுபுரூஃபன் போட்டால் என்ன?
அது தடுப்பது புரோஸ்டாகிளாண்டின் என்ற வேறொரு அழற்சிப் பொருளை. இந்த வலிக்கு அது பெரிதாக உதவாது. ஏற்கெனவே சர்க்கரையால் அடிபட்டிருக்கும் சிறுநீரகத்துக்கும் கெடுதல். டுலோக்ஸிடின், பிரிகாபலின், அமிட்ரிப்டிலின் போன்ற நரம்பு வலி மருந்துகளில் எது உங்களுக்குப் பொருந்தும் என்பதை உங்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

மஞ்சள் அழற்சியைக் குறைக்கும் என்று ஆய்வே இருக்கிறதே?
பெரும்பாலும் எலியில் இருக்கிறது. மஞ்சளில் உள்ள குர்குமின் குடலில் சரியாக உறிஞ்சப்படுவதில்லை.

உங்கள் 146ஏ-வும் எலிக்கதைதானே? அதை மட்டும் நம்புகிறீர்களே!
சரியான பிடி. ஆனால் 146ஏ-வை மருந்தாகச் சாப்பிடச் சொன்னேனா? வலி எப்படி உண்டாகிறது என்று புரிந்துகொள்ள எலி உதவும். எதைச் சாப்பிடுவது என்று முடிவு செய்ய மனிதரில் சோதனை வேண்டும். சாம்பாரில் மஞ்சள் போடுவதை யாரும் தடுக்கவில்லை. மாத்திரையை நிறுத்திவிட்டு மஞ்சளை நம்பினால்தான் சண்டை.

ஆனாலும் இயற்கையான பொருள்...
எருக்கம்பாலும் இயற்கைதான். அடுத்தவர்.

மைக்ரோ ஆர்.என்.ஏ. மாத்திரை எங்கே கிடைக்கும்?
எங்கும் இல்லை. விற்றால் வாங்காதீர்கள்.

உப்பு போட்ட வெந்நீர் என்றால் பரவாயில்லையா?
வெந்நீர் பற்றி முன்பே சொன்ன பதில்தான் இதற்கும்.

பல வருடமாக மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை எடுக்கிறேன். கால் மரத்துப்போகிறது.
ரத்தத்தில் வைட்டமின் பி-12 அளவைப் பாருங்கள். மெட்ஃபார்மின் அதைக் குறைக்கும். அந்தக் குறைபாடும் நரம்பைக் கெடுக்கும். இதைச் சரிசெய்ய முடியும் என்பதால் தவறவிடாதீர்கள்.

என் வலி தானாகவே போய்விட்டது. குணமாகிவிட்டதா?
தொடு உணர்வு அப்படியே இருந்தால் சந்தோஷம். அதுவும் சேர்ந்து போயிருந்தால் நரம்பு மேலும் கெட்டிருக்கிறது என்று அர்த்தம். இன்று இரவே கண்ணாடியைத் தரையில் வைத்து உள்ளங்காலைப் பாருங்கள். புண் இருந்தால் நாளைக் காலை டாக்டரிடம் போங்கள். வெந்நீர் வேண்டாம்.