பைனரி கோப்புகளைத் திருத்த எந்த ஹெக்ஸ் எடிட்டரைப் பழகலாம்?

விண்டோஸும் மேக்கும் வைத்திருப்பதாகவும், எதில் தொடங்குவது என்று தெரியவில்லை என்றும் கேட்டிருக்கிறீர்கள். ஹெக்ஸ் எடிட்டர் என்பது கோப்பின் ஒவ்வொரு பைட்டையும் பதினாறடிமான எண்ணாகக் காட்டித் திருத்தவிடும் மென்பொருள். விண்டோஸில் எச்எக்ஸ்டி, மேக்கில் ஹெக்ஸ் ஃபீண்ட் என்பது என் பதில். இரண்டும் இலவசம், மிகப் பெரிய கோப்புகளையும் தயங்காமல் திறக்கும்.

எடிட்டரைவிட முக்கியமானது, செருகும் நிலைக்கும் மேலெழுதும் நிலைக்கும் உள்ள வேறுபாடு. முன்னதில் தட்டுவது பழையதைத் தள்ளிவிட்டு இடையில் நுழையும், பின்னதில் பழையதன் இடத்திலேயே அமரும். தைப்பூசத்தன்று சிங்கப்பூரில் சிராங்கூன் சாலையிலிருந்து டேங்க் ரோடு முருகன் கோவிலுக்கு அண்ணன் காவடி எடுத்தபோது நான் பிடித்த படம் ஒன்று பிறகு திறக்கவே இல்லை. எச்எக்ஸ்டியில் பார்த்தால், முதல் நான்கு பைட்டுகள் மட்டும் 00 ஆகியிருந்தன. வலப்பக்க எழுத்துப் பத்தியில், ஏழாவது பைட்டிலிருந்து ‘எக்சிஃப்’ (கேமரா படத்தோடு சேர்த்து எழுதும் விவரப் பகுதியின் அடையாளம்) என்ற சொல் அப்படியே இருந்ததால், மீட்டுவிடலாம் என்ற நம்பிக்கை பிறந்தது. இத்தகைய ஜேபெக் கோப்பு எஃப்எஃப் டி8 எஃப்எஃப் இ1 என்று தொடங்க வேண்டும். அடுத்த இரண்டு பைட்டுகள் அந்தப் பகுதியின் நீளத்தைச் சொல்பவை. அந்த முதல் நான்கு பைட்டுகளை நான் செருகும் நிலையில் தட்டிவிட்டதால், கோப்பு நான்கு பைட்டுகள் நீண்டு, நீளம் இருக்க வேண்டிய இடத்தில் பழைய பூஜ்யங்கள் வந்து நின்றன. நகலில்தான் கை வைத்திருந்தேன் என்பதால் தப்பித்தேன். புதிய நகலில், மேலெழுதும் நிலைக்கு மாறி அதே நான்கு பைட்டுகளைத் தட்டியதும் படம் திறந்தது. மாற்றிய பைட்டுகளைச் சேமிக்கும்வரை எச்எக்ஸ்டி சிவப்பில் காட்டும். அந்தச் சிவப்பு பைட்டுகள் எத்தனை என்று ஒருமுறை எண்ணிப் பார்த்த பிறகே சேமியுங்கள்.

கோப்பின் அமைப்பே தெரியாதபோது இம்ஹெக்ஸ் என்ற எடிட்டர் கைகொடுக்கும். அதன் வடிவ மொழியில் அமைப்பை ஊகித்து எழுதிக் கொடுத்தால், ஒவ்வொரு புலத்தையும் வண்ணமிட்டுப் பிரித்துக் காட்டும். திறந்த மூலம் என்பதால் செலவும் இல்லை. 010 எடிட்டரில் கோப்பு அமைப்பை விவரிக்கும் வார்ப்புருக்கள் அருமையானவை என்றாலும், இதையே தொழிலாகச் செய்பவருக்குத்தான் காசு கொடுத்து வாங்குவது பொருந்தும். டெர்மினலில் (கட்டளைகளைத் தட்டும் சாளரம்) பார்ப்பதற்கு, விம் என்ற உரைத் திருத்தியுடன் வரும் எக்ஸ்எக்ஸ்டி போதும். ஆனால் அதன் வலப்பக்க எழுத்துகளைத் திருத்திவிட்டு மீண்டும் பைனரியாக்கினால், அந்தத் திருத்தம் கோப்பில் ஏறாது, இடப்பக்க எண்களை மட்டுமே அது படிக்கும்.

பிஎன்ஜி படமாக இருந்தால் பைட்டை மாற்றுவதோடு வேலை முடியாது. அந்தக் கோப்பு துண்டு துண்டாக அமைந்தது, ஒவ்வொரு துண்டின் இறுதியிலும் சிஆர்சி-32 சரிபார்ப்பு எண் இருப்பதால், துண்டின் வகைப்பெயரையும் தரவையும் மட்டும் தேர்ந்தெடுத்து, நீளத்தைச் சேர்க்காமல், எச்எக்ஸ்டியிலேயே அந்த எண்ணைக் கணக்கிட்டு, பழையதன்மேல் எழுதிவிடுங்கள்.