வரிக்கோழிக்குக் கறுப்புக் குஞ்சு வந்தால் முதலில் சேவலைப் பாருங்கள்

கேள்வி: ஐயா, தென்னாப்பிரிக்காவின் டோங்காட்டில் வீட்டுப் பின்புறம் போட்செஃப்ஸ்ட்ரூம் கூக்கூக் என்ற வரி விழுந்த இனக் கோழி வளர்க்கிறேன். 18 பெட்டை, ஒரு சேவல். போன மாதம் இன்குபேட்டரில் 30 முட்டை வைத்ததில் 9 குஞ்சுதான் பொரிந்தது. 13 முட்டையில் கருவே கூடவில்லை. மீதி 8-ல் குஞ்சு முழுதாக வளர்ந்து ஓட்டுக்குள்ளேயே செத்துக் கிடந்தது. பொரிந்த 9-லும் 2 சுத்தக் கறுப்பு. நல்ல கருவரி விழுந்த சேவலாகப் பார்த்துத்தான் வாங்கினேன். பக்கத்து வீட்டுக் கறுப்பு ஆஸ்ட்ரலார்ப் இனச் சேவல் சில நாள் மதிலேறி வந்துவிடும். தப்பு எங்கே?

பதில்: பொரிப்பு குறைந்ததை அடுத்த முறையே சரிசெய்துவிடலாம். இனம் கலந்துவிட்டால் சரிசெய்ய வருடக்கணக்கில் ஆகும். அதனால் கறுப்புக் குஞ்சுகளிலிருந்தே தொடங்குகிறேன்.

கூக்கூக் 1950-களில் போட்செஃப்ஸ்ட்ரூம் விவசாயக் கல்லூரியில் உருவான இனம். கறுப்பு ஆஸ்ட்ரலார்ப், வெள்ளை லெகார்ன், வரி விழுந்த பிளைமவுத் ராக் ஆகிய மூன்று கோழி இனங்களின் இரத்தமும் அதில் ஓடுகிறது. அடிநிறம் கறுப்பு. அதன்மேல் வெள்ளை வரி போடுவது ஒரே ஒரு மரபணு, அது இருப்பது பாலினக் குரோமோசோமில். கோழிகளில் சேவலுக்கு அந்தக் குரோமோசோம் இரண்டு, பெட்டைக்கு ஒன்றுதான். எனவே பெட்டையைப் பார்த்தாலே தெரிந்துவிடும்: இறகில் வரி இருந்தால் மரபணு இருக்கிறது, வரி இல்லையென்றால் மரபணுவும் இல்லை. சேவலிடம் அப்படி இல்லை. இரண்டு குரோமோசோமில் ஒன்றில் மட்டும் வரி மரபணு இருந்தாலும் அதற்கு வரி விழும், பார்ப்பவர்களுக்குக் கூக்கூக் போலவே இருக்கும்.

ஆனால் கூர்ந்து பார்த்தால் பிடித்துவிடலாம். இரண்டிலும் மரபணு உள்ள சேவலுக்கு வெள்ளை வரி அகலம், தூரத்திலிருந்து பார்த்தால் வெளிர்சாம்பலாகத் தெரியும். பக்கத்தில் பெட்டை நின்றால் பெட்டைதான் கருமையாக இருக்கும். ஒன்றில் மட்டும் உள்ள சேவல் பெட்டையின் நிறத்துக்கே வந்துவிடும். ‘நல்ல கருவரி’ என்று ஆசைப்பட்டு வாங்கினேன் என்கிறீர்களே, எனக்குச் சந்தேகம் தட்டுவது அங்கேதான். கண்ணுக்கு அழகாக இருக்கிறது என்று கருத்த சேவலைத் தேர்ந்தெடுப்பவர்கள், தெரியாமலே ஒன்றில் மட்டும் மரபணு உள்ள கலப்புச் சேவலைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

சரி, பக்கத்து வீட்டுச் சேவலையும் விட்டுவிட முடியாது. அது உங்கள் பெட்டையை மிதித்திருந்தால் அதற்குப் பிறக்கும் பெட்டைக்குஞ்சு எல்லாம் கறுப்பு, சேவற்குஞ்சு எல்லாம் வரி. உங்கள் சேவலே கலப்பு என்றால் பெட்டைக்குஞ்சில் பாதி கறுப்பு, பாதி வரி. சேவற்குஞ்சு எல்லாம் வரிதான். எப்படிப் பார்த்தாலும் அந்த 2 கறுப்புக் குஞ்சும் பெட்டைதான். அப்பன் யார் என்று அவற்றைப் பார்த்துச் சொல்ல முடியாது.

சோதித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். பெட்டை ஒருமுறை வாங்கிய விந்தைச் சில வாரம் உடலில் சேமித்து வைத்திருக்கும். எனவே மேல்பக்கமும் வலை போட்ட கூண்டில் பெட்டைகளை உங்கள் சேவலோடு அடைத்து, வேறு சேவல் அண்டாமல் 3 வாரம் வைத்திருந்து, அதற்குப் பிறகு கிடைக்கும் முட்டையைத்தான் அடை வைக்க வேண்டும். இன்னும் சுருக்கமான வழி வேண்டுமென்றால், பக்கத்து வீட்டிலேயே ஆஸ்ட்ரலார்ப் பெட்டை இருந்தால் ஒன்றை இரவல் கேளுங்கள். அதையும் அந்த வீட்டுச் சேவலிடமிருந்து 3 வாரம் பிரித்து வைத்துவிட்டு, உங்கள் சேவலோடு விடுங்கள். பொரியும் குஞ்சுகளின் உச்சந்தலையைப் பாருங்கள். வரி மரபணு வந்த குஞ்சுக்கு அங்கே ஒரு வெள்ளைப் பொட்டு இருக்கும். கறுப்பு இனக் குஞ்சுக்கும் வயிற்றில் வெளுப்பு இருக்கும், அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம், தலை மட்டும் பாருங்கள். பொட்டில்லாத குஞ்சு ஒன்று வந்தாலும் போதும், சேவல் கலப்பு. 7 குஞ்சும் பொட்டோடு வந்தால் நம்பலாம். கலப்புச் சேவலுக்கு அப்படி வர 128-ல் ஒரு வாய்ப்புதான்.

சேவல் கலப்பு என்று தெரிந்தால் மந்தையையே கலைக்க வேண்டியதில்லை, பெட்டைகள் இருக்கட்டும். இந்தப் பொரிப்பில் வந்த சேவற்குஞ்சு எதையும் மட்டும் இனத்துக்கு விடாதீர்கள். ஆடி மாதத்தில் அம்மன் கோயில் கஞ்சிப் பூஜைக்கு நாட்டுச்சேவல் தேடுகிறவர்கள் உங்கள் பக்கம் நிறையப் பேர், ‘ஹார்ட்பாடி’ எனப்படும் கெட்டி இறைச்சிக் கோழி விலைக்கு நன்றாகவே போகும். வரிப்பெட்டைகளை வளர்த்துப் பாருங்கள். கழுத்தில் பொன்னிறம் எட்டிப்பார்த்தாலோ, காலில் இறகு முளைத்தாலோ அவற்றையும் முட்டைக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். வரி என்பது ஒரு மரபணுவின் சமாச்சாரம்தான்; கொண்டை, கால், உடற்கட்டு எல்லாம் வேறு வேறு கணக்கு.

புதுச் சேவலை உங்கள் பெட்டைகளை விற்றவரிடமே வாங்காமல் வேறு வம்சத்தில் தேடுங்கள். பிரிட்டோரியா பக்கம் ஐரீனில் உள்ள விவசாய ஆராய்ச்சிக் கழகம் கூக்கூக், வெண்டா, ஓவாம்போ, மொட்டைக்கழுத்து இனங்களைத் தூய்மையாகக் காத்து வந்திருக்கிறது. அங்கிருந்து வந்த வம்சம் யாரிடம் இருக்கிறது என்று விசாரிப்பது நல்ல தொடக்கம். வாங்கி வந்ததும் ஒரு மாதம் தனியே அடைத்து வையுங்கள். சளி, கழிச்சல் எல்லாம் அதற்குள் வெளியே வந்துவிடும்.

இப்போது கரு கூடாத 13 முட்டை. 18 பெட்டைக்கு ஒரு சேவல் என்பது இந்த உடல்வாகுக்கு அதிகம். கனத்த இனத்தில் 8 முதல் 10 பெட்டைக்கு ஒரு சேவல் போதும் என்று வைத்துக்கொள்ளுங்கள். சேவல் எல்லாப் பெட்டையையும் ஒரே மாதிரி மிதிப்பதுமில்லை. முதுகு இறகு உதிர்ந்து மொட்டையாகத் தெரியும் இரண்டு மூன்று பெட்டை அதன் செல்லங்கள். இன்குபேட்டரில் வைத்துப் பார்த்துத்தான் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்றில்லை. சமையலுக்கு உடைக்கும் முட்டையில் மஞ்சள் கருவின் மேலே உள்ள வெள்ளைப் புள்ளியைக் கவனியுங்கள். விளிம்பு ஒழுங்கில்லாமல் சின்னக் கெட்டிப் புள்ளியாக இருந்தால் கரு கூடவில்லை. நடுவே தெளிந்து சுற்றிலும் வட்டம் போட்ட வளையமாக இருந்தால் கூடியிருக்கிறது. ஓட்டில் எந்தப் பெட்டையின் முட்டை என்று பென்சிலால் குறித்துவைத்தால், அடை வைக்காமலே யார் யாருக்குக் கரு கூடுகிறது என்று ஒரு வாரத்தில் தெரிந்துவிடும்.

ஓட்டுக்குள் செத்த 8 பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். அடையில் இருக்கும் முட்டை 18 நாளில் தன் எடையில் 11 முதல் 13 சதவீதம் ஈரத்தை இழக்க வேண்டும். அப்போதுதான் அகன்ற முனையில் காற்றறை பெரிதாகி, குஞ்சு முதல் மூச்சு விட இடம் கிடைக்கும். ஈரம் போகவில்லை என்றால் குஞ்சு நீர்கோத்துப் பெருத்து, திரும்பக்கூட இடமில்லாமல் ஓட்டைக் கொத்தும் முன்பே அடங்கிவிடும். உங்களுடையது கடற்கரை ஊர், காற்றிலேயே ஈரம் அதிகம். ஜோகன்னஸ்பர்க் வறண்ட காற்றில் இருப்பவர் சொன்ன அளவுக்குத் தொட்டியில் தண்ணீர் ஊற்றினால் டோங்காட்டில் முட்டைக்கு மூச்சு முட்டும். செத்த குஞ்சுகள் சொதசொதவென்று நனைந்திருந்தனவா என்று நினைவுபடுத்திப் பாருங்கள். ஆமாம் என்றால் இதுதான் காரணம்.

சமையல் தராசே போதும். 60 கிராம் முட்டை 18-ம் நாள் 53 கிராம் அளவில் இருக்க வேண்டும். வைக்கும்போது 10 முட்டையைச் சேர்த்து எடை போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் 7-ம் நாளும் 14-ம் நாளும் டார்ச் அடித்துப் பார்க்கும்போது மறுபடி போடுங்கள். எடை குறைவது மெதுவாக இருந்தால் தண்ணீரை எடுத்துவிடுங்கள். முதல் 18 நாளுக்கு ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதம், கடைசி மூன்று நாளுக்கு 65-க்கு மேல்.

வெப்பம் விசிறி உள்ள பெட்டியில் 37.5 டிகிரி. பெட்டியின் மீட்டரை அப்படியே நம்பாமல் காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். மின்சாரம் போனால் பதற வேண்டாம். லோட்ஷெடிங் என்ற முறைவைத்த மின்வெட்டு முன்பு போல இல்லாவிட்டாலும் கேபிள் திருட்டில் போவது உண்டே. மூடியைத் திறக்காமல் மேலே போர்வை போட்டு, காற்றுத் துளைகளை மட்டும் அடைக்காமல் விட்டால் ஓரிரு மணி நேரம் தாங்கும். முட்டை கொஞ்சம் குளிர்ந்தால் பொரிப்பு தள்ளிப்போகும், அவ்வளவுதான். சூடு 40-ஐத் தாண்டினால்தான் ஆபத்து, ஜன்னல் வெயில் படும் இடத்தில் பெட்டியை வைக்கவே கூடாது.

முட்டையை 7 நாளுக்கு மேல் சேர்த்து வைக்காதீர்கள். கூர்முனை கீழே இருக்கட்டும், கழுவ வேண்டாம். இளம்பெட்டை இடும் முதல் சின்ன முட்டைகளைச் சாப்பிட்டுவிடுங்கள்.

18-ம் நாளோடு முட்டையைத் திருப்புவதை நிறுத்துங்கள். அதற்குப் பிறகு மூடியைத் தொடவே வேண்டாம். ஒரு குஞ்சு வெளியே வந்து கத்த ஆரம்பித்ததும் தண்ணீர் காட்டலாமே என்று கை பரபரக்கும். ஆனால் மூடியைத் திறந்த மாத்திரத்தில் உள்ளே இருக்கும் ஈரம் வெளியேறி, ஓட்டைப் பாதி கொத்திய மற்றக் குஞ்சுகளின் மேல் சவ்வு காய்ந்து ஒட்டிக்கொள்ளும். முதலில் வந்தது வயிற்றுக்குள் இழுத்துக்கொண்ட மஞ்சள் கருவை வைத்தே இரண்டு நாள் தாங்கும். எல்லாம் வந்து உலர்ந்த பிறகு மொத்தமாக எடுங்கள்.