விளையாட்டுக் கோட்பாடு சுயநலத்தைக் கற்பிக்கிறதா? – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

முதுகலைப் பொருளியலில் இந்தப் பருவத்துக்கு, ஒருவருடைய முடிவின் பலன் பிறருடைய முடிவையும் பொறுத்து அமையும் சூழல்களை ஆராயும் விளையாட்டுக் கோட்பாட்டை விருப்பப் பாடமாக எடுத்திருக்கிறேன். முதல் வகுப்பில் பேராசிரியர் ஆளுக்கொரு தாள் கொடுத்து, ஆல்ஃபா, பீட்டா என்ற இரண்டில் ஒன்றை எழுதச் சொன்னார். யாருடன் ஜோடி சேர்க்கப்படுவோம் என்பது தெரியாது. இருவரும் ஆல்ஃபா என்றால் இருவருக்கும் பி மைனஸ். இருவரும் பீட்டா என்றால் பி பிளஸ். ஒருவர் ஆல்ஃபா, மற்றவர் பீட்டா என்றால் ஆல்ஃபாவுக்கு ஏ, பீட்டாவுக்கு சி. நான் பீட்டா எழுதினேன். பெரும்பாலோர் ஆல்ஃபா எழுதியிருந்தார்கள். பீட்டா எழுதியவர்கள் பகுத்தறிவோடு சிந்திக்கவில்லை என்று அவர் சொன்னபோது வகுப்பு சிரித்தது. உண்மையான மதிப்பெண் இல்லைதான், ஆனாலும் உறுத்துகிறது. இந்தப் படிப்பு எங்களைச் சுயநலக்காரர்களாக்குகிறதா?

ம.

அன்புள்ள ம.,

உங்கள் பேராசிரியர் நடத்திய ஆட்டம் யேல் பல்கலைக்கழகத்தில் பொருளியல் பேராசிரியர் பென் போலக் தம் விளையாட்டுக் கோட்பாட்டுப் பாடத்தைத் தொடங்கிய அதே ஆட்டம். 2007ஆம் ஆண்டு இலையுதிர் பருவத்தில் பதிவு செய்யப்பட்ட அவருடைய 24 விரிவுரைகளும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. முதல் விரிவுரையை மட்டுமாவது முழுமையாகப் பாருங்கள். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், உங்கள் வகுப்பு அதன் முதல் பாதியோடு நின்றுவிட்டது.

தன் மதிப்பெண்ணைத் தவிர வேறெதையும் பொருட்படுத்தாத ஒருவருக்கு, எதிராளி எதை எழுதினாலும் ஆல்ஃபாவே கூடுதல் பலன் தரும் என்பதுதான் அந்த முதல் பாதி. அதில் பிழையில்லை. ஆனால் போலக் அடுத்ததாக வேறொரு அட்டவணையை வரைகிறார். பிறரை சி வாங்க வைத்துத் தான் ஏ வாங்குவதில் குற்றவுணர்வு கொள்ளும் ஒருவருக்கு அந்த ஏ மதிப்பெண்ணின் பலன் −1 என்றும், ஏமாற்றப்பட்டு சி வாங்கும்போது எழும் கொதிப்பையும் சேர்த்து அதன் பலன் −3 என்றும் வைக்கிறார். இருவரும் ஆல்ஃபா என்றால் 0, இருவரும் பீட்டா என்றால் 1. இப்போது கணக்கு மாறிவிடுகிறது. எதிராளி பீட்டா எழுதுவார் என்றால் நீங்கள் பீட்டா எழுதுவதே சரி. அவர் ஆல்ஃபா எழுதுவார் என்றால் நீங்களும் ஆல்ஃபா எழுதுவதே சரி. எந்த உத்தியும் மற்றதை எப்போதும் வெல்வதில்லை.

ஆகவே நீங்கள் பகுத்தறிவின்றி நடந்துகொண்டீர்கள் என்று சொல்ல இக்கோட்பாட்டில் இடமில்லை. ஒருவர் எதை விரும்ப வேண்டும் என்று அது விதிப்பதில்லை. விருப்பங்கள் இவை என்று தெரிந்த பிறகு என்ன நடக்கும் என்பதை மட்டுமே அது ஆராய்கிறது. உங்கள் கணிப்பு தவறியிருக்கலாம், எதிரே இருப்பவரும் உங்களைப் போன்றவர் என்று நம்பியிருக்கலாம். அது விருப்பத்தில் நேர்ந்த பிழை அல்ல. இந்த வேறுபாட்டைச் சொல்லாமல் ஒரு மாணவியைச் சிரிப்புக்கு ஆளாக்குவது நல்ல கற்பித்தல் அல்ல என்றே உறுதியாக நினைக்கிறேன்.

இருந்தாலும் உங்கள் கேள்வியை அப்படியே தள்ளிவிட முடியாது. கார்னெல் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் ஃபிராங்க், தாமஸ் கிலோவிச், டென்னிஸ் ரீகன் ஆகிய மூவரும் 1993இல் வெளியிட்ட ஆய்வில், இத்தகைய ஆட்டத்தில் பொருளியல் மாணவர்களில் சுமார் 60 சதவீதத்தினரும் மற்றவர்களில் சுமார் 39 சதவீதத்தினரும் ஒத்துழைக்க மறுத்தனர், அதாவது ஆல்ஃபாவுக்கு இணையானதைத் தேர்ந்தெடுத்தனர். அதே ஆய்வில் நம் விஷயத்துக்கு நெருக்கமான இன்னொரு பகுதி இருக்கிறது. விளையாட்டுக் கோட்பாட்டு வல்லுநர் ஒருவர் நடத்திய நுண்பொருளியல் வகுப்பு, சீனப் பொருளாதார வளர்ச்சியைத் துறையாகக் கொண்டவர் நடத்திய இன்னொரு நுண்பொருளியல் வகுப்பு, ஒரு வானியல் வகுப்பு ஆகிய மூன்றிலும், கண்டெடுத்த பணத்தைத் திருப்பித் தருவீர்களா, பிறர் தருவார்களா என்பன போன்ற கேள்விகளைப் பருவத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் கேட்டார்கள். முதல் வகுப்பு மாணவர்களிடமே அவநம்பிக்கை கூடுதலாக வளர்ந்திருந்தது.

ஆனால் தாளில் எழுதுவதும் கையால் செய்வதும் ஒன்றல்ல. 1996இல் வெளியான ஓர் ஆய்வுக்காக, ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில், பத்து டாலர் வைத்து, முகவரி எழுதி, தபால்தலை ஒட்டிய உறைகளை வகுப்பறைகளில் தவறவிட்டதுபோல் போட்டுவைத்தார்கள். பொருளியல் வகுப்புகளிலிருந்து 56 சதவீத உறைகள் பணத்தோடு திரும்பின. மற்ற வகுப்புகளிலிருந்து 31 சதவீதம்தான். உறைகளின் எண்ணிக்கை குறைவு என்பதால் பொருளியல் மாணவர்களே நேர்மையானவர்கள் என்று இதிலிருந்து முடிவுகட்ட மாட்டேன். இப்படிப்பு மாணவர்களின் குணத்தைக் காட்டிலும், பிறரைப் பற்றிய அவர்களுடைய எதிர்பார்ப்பையே அதிகம் தொடுகிறது என்பது என் கணிப்பு. அந்த எதிர்பார்ப்பு கெடுவதும் சிறிய தீங்கு அல்ல. இரண்டாம் அட்டவணையின்படி, எதிராளி ஆல்ஃபாதான் எழுதுவார் என்று நம்பத் தொடங்கும் நல்லவரும் ஆல்ஃபாவே எழுதுவார்.

அதற்கு மறுபக்கமும் உண்டு. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஒரு கணினியியல் பேராசிரியர், தேர்வில் எடுக்கப்படும் அதிகபட்ச மதிப்பெண்ணையே நூறாகக் கொண்டு மற்றவர்களுக்கு மதிப்பிடும் முறையை வைத்திருந்தார். 2012 டிசம்பரில் அவருடைய மாணவர்கள் ஒருவருமே தேர்வெழுதுவதில்லை என்று பேசிவைத்தார்கள். எல்லோரும் பூஜ்யம் என்றால் பூஜ்யமே அதிகபட்சம், எல்லோருக்கும் நூறு. தனியாக உள்ளே போய் எழுதுபவருக்கும் அதே நூறுதான், ஆனால் ஒரே ஒருவர் போய்விட்டாலும் வெளியே நிற்பவர்கள் பூஜ்யத்தோடு திரும்ப வேண்டும். அவர்கள் வீட்டில் இருந்துவிடவில்லை. தேர்வு அறைக்கு வெளியே ஒருவரையொருவர் பார்த்தபடி கூடி நின்றார்கள். யாரும் உள்ளே போகவில்லை. பேராசிரியரும் தம் விதிக்குக் கட்டுப்பட்டு முழு மதிப்பெண் அளித்தார். பிறகுதான் விதியை மாற்றினார்.

அவர்களால் பேசிக்கொள்ள முடிந்தது, பார்த்துக்கொள்ள முடிந்தது. உங்கள் வகுப்பில் தாளை மறைத்து எழுதினீர்கள், ஜோடி யாரென்றே தெரியாது. எழுதுவதற்கு முன் ஜோடிகள் ஐந்து நிமிடம் பேசிக்கொள்ள அனுமதித்து, அதே ஆட்டத்தை இன்னொரு முறை நடத்தும்படி உங்கள் பேராசிரியரிடம் கேட்டுப் பாருங்கள். முடிவு எப்படி வந்தது என்று எனக்கு எழுதுங்கள்.