பெட்டியைத் திறப்பதா, விடுவதா? சுங்க மேற்பார்வை பற்றிய கேள்வி பதில்

துறைமுகம், விமானச் சரக்கு முனையம், தரைவழி எல்லை என மூன்று இடங்களிலும் வேலை பார்த்து, சுங்க மேற்பார்வையாளராக ஓய்வு பெற்றவன் நான். தீர்வை (சுங்க வரி) விகிதமும் தண்டனைப் பிரிவுகளும் நாட்டுக்கு நாடு மாறும். அவற்றை உங்கள் நாட்டுச் சட்டத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். எந்த எல்லையிலும் பொருந்தக்கூடிய கேள்விகளை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி (புதிதாகப் பதவி உயர்வு பெற்றவர்): ஐயா, நேற்றுவரை நானும் ஓர் ஆய்வு அதிகாரி. அடுத்த வாரம் முதல் 14 பேருக்கு மேற்பார்வையாளர். முதல் மாதத்தில் எதில் கை வைப்பது?

பதில்: முதலில், தினமும் ஆய்வுக் கொட்டகைக்குப் போய் நீங்களே பெட்டி திறக்கும் ஆசையை அடக்குங்கள். நன்றாகப் பிடிப்பவர் என்று பெயர் வாங்கித்தான் இந்தப் பதவி வந்திருக்கும். அந்தப் பெயரே முதல் ஆறு மாதம் உங்களைக் கெடுக்கும். நீங்கள் ஒரு கன்டெய்னருக்குள் டார்ச் அடித்துக்கொண்டிருக்கும் நேரத்தில் மேசையில் நாற்பது அறிக்கைகள் (சரக்கு விவரம் சொல்லி இறக்குமதியாளர் தாக்கல் செய்பவை) யார் கண்ணிலும் படாமல் நகர்ந்துவிடும்.

கடந்த மூன்று மாதங்களில் கணினி சிவப்பு வழிக்கு (பெட்டியைத் திறந்து பார்க்க) அனுப்பி, பிறகு ஒருவர் கையால் பச்சையாக்கிய (திறக்காமல் விடச் செய்த) அறிக்கைகள் அனைத்தையும் எடுத்துத் தரச் சொல்லுங்கள். யார் மாற்றினார், எத்தனை மணிக்கு மாற்றினார், என்ன காரணம் எழுதினார் என்று பாருங்கள். காரணக் கட்டத்தில் 'சரிபார்க்கப்பட்டது' என்ற ஒரே சொல் திரும்பத் திரும்ப வந்தால், காரணம் எதுவும் எழுதப்படவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, சிக்கலே இல்லாமல் விடுவிக்கப்பட்ட கோப்புகளில் வாரம் பத்தைக் குலுக்கிப் போட்டு எடுத்துப் படியுங்கள். சரக்கைப் பிடித்த கோப்பைச் சட்டப் பிரிவு, மேலதிகாரி, வழக்கறிஞர், நீதிமன்றம் என்று எத்தனையோ பேர் படிப்பார்கள். விடுவித்த கோப்பை ஒருவரும் திறப்பதில்லை. நான் கண்டுபிடித்த பெரிய தவறுகளில் பாதிக்கு மேல் அப்படி யாரும் திறக்காத கோப்புகளில்தான் இருந்தன.

கேள்வி (தேர்வுக்குப் படிப்பவர்): இந்த வேலையில் கடத்தல்காரர்களைத் துரத்திப் பிடிக்கும் வாய்ப்பு அதிகமா?

பதில்: இல்லை. பணிப் பட்டியல் போடுவது, முறையீடு கேட்பது, எடைச்சீட்டையும் விலைப்பட்டியலையும் ஒத்துப் பார்ப்பது, கையெழுத்திடுவது. துரத்துவதற்குத் தனிப் பிரிவு இருக்கிறது, அவர்களும் முக்கால் நேரம் காத்திருக்கத்தான் செய்கிறார்கள்.

கேள்வி (இறக்குமதி நிறுவனக் கணக்காளர்): எங்கள் சரக்கு பத்து முறை பச்சை வழியில் போனது. பதினோராவது முறை சிவப்பு. யாரோ எங்கள்மேல் கண் வைத்துவிட்டார்களோ?

பதில்: அவசியமில்லை. எல்லாப் பெட்டிகளையும் திறந்தால் துறைமுகம் நின்றுவிடும் என்பதால், இடர் அதிகமுள்ளவற்றைத் தேர்ந்து பார்ப்பதுதான் இன்றைய முறை. 2017 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த உலக வர்த்தக அமைப்பின் வர்த்தக வசதி உடன்படிக்கையும் இதைத்தான் சொல்கிறது. புதிய விற்பனையாளர், மாறிய குறியீடு, வழக்கமில்லாத கடல்வழி, எடைக்கும் விலைக்கும் பொருந்தாத கணக்கு ஆகியவை இடர் மதிப்பெண்ணை உயர்த்தும். அவற்றோடு, எந்தக் காரணமும் இல்லாமல் கணினி தற்செயலாக எடுக்கும் சில அறிக்கைகளும் உண்டு. அந்தப் பகுதி இல்லையென்றால் பச்சை வழி யாருக்குக் கிடைக்கும் என்பதை ஆறு மாதத்தில் எல்லோரும் கணித்துவிடுவார்கள். ஏன் சிவப்பு என்று கேட்டால் அதிகாரி சொல்ல மாட்டார், சொல்லவும் கூடாது. பச்சையில் போனதோடு கதை முடிந்துவிடாது என்பதையும் நினைவில் வையுங்கள். சரக்கு போன பிறகு உங்கள் கணக்குப் புத்தகத்தைத் தேடி வரும் தணிக்கை தனி.

கேள்வி (ஆய்வு அதிகாரி): ஒரே பொருளுக்கு நானும் சக அதிகாரியும் வேறு வேறு எச்.எஸ். குறியீடு (பொருளை வகைப்படுத்தும் சர்வதேச எண்) போட்டோம். இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. மேற்பார்வையாளர் எப்படித் தீர்க்க வேண்டும்?

பதில்: தீர்வை விகிதம் அச்சிட்ட பக்கத்தை மூடிவைத்துவிட்டுப் பேச்சைத் தொடங்க வேண்டும். 'இந்தக் குறியீட்டுக்கு வரி அதிகம், ஆகவே இதுதான்' என்று பின்னாலிருந்து முன்னுக்கு வரும் வாதம் முறையீட்டில் நிற்காது.

1988 முதல் உலகம் முழுவதும் புழக்கத்தில் இருக்கும் எச்.எஸ். முறையில் முதல் ஆறு இலக்கங்கள் எல்லா நாட்டுக்கும் பொது. அதற்குமேல் அந்தந்த நாடு சேர்த்துக்கொள்வது. வகைப்படுத்த ஆறு பொது விதிகள் உண்டு, அவற்றை வரிசையாகத்தான் பார்க்க வேண்டும். தலைப்பின் (முதல் நான்கு இலக்கங்கள் குறிக்கும் வகையின்) சொற்களும், பிரிவு மற்றும் அத்தியாயக் குறிப்புகளும்தான் முதல் விதி. இளம் அதிகாரிகள் குறிப்புகளைப் படிக்காமல் ஒரு பொருள் ஒன்றுக்கு மேற்பட்ட தலைப்புகளில் பொருந்தும்போது பார்க்க வேண்டிய மூன்றாம் விதிக்கு நேரே தாவிவிடுகிறார்கள், ஏனென்றால் 'முக்கியத் தன்மை எது' என்று வாதாடுவது சுவையாக இருக்கிறது.

மூன்றாம் விதி எங்கே பொருந்தும் என்பதற்கு உலகச் சுங்க அமைப்பின் விளக்கக் குறிப்பிலேயே நல்ல உதாரணம் உண்டு. மின்சார முடிவெட்டும் கருவி, சீப்பு, கத்தரிக்கோல், பிரஷ், துண்டு எல்லாம் ஒரு தோல் பையில் ஒரே தொகுப்பாக வருகின்றன. தனித்தனியாக வந்தால் ஆறு தலைப்புகள். தொகுப்பாக வந்தால் முழுவதும் 85.10, அதாவது முடிவெட்டும் கருவியின் தலைப்பு. தொகுப்புக்கு அடையாளம் தருவது அந்தக் கருவிதான்.

உங்கள் தகராறைத் தீர்த்தவுடன் மேற்பார்வையாளர் அந்த முடிவைக் காரணத்தோடு எழுதிப் பிரிவு முழுவதற்கும் சுற்றுக்கு விட வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த மாதம் வேறு இருவர் இதே சண்டையைப் போடுவார்கள். அடிக்கடி வரும் பொருளாக இருந்தால், முன்கூட்டியே தீர்ப்பு கேட்டு விண்ணப்பிக்கும்படி வணிகரிடம் சொல்லுங்கள்.

கேள்வி (மதிப்பீட்டுப் பிரிவு அதிகாரி): இன்வாய்ஸ் விலை எங்கள் தரவுத்தள விலையில் பாதிதான். தரவுத்தள விலையையே வைத்துத் தீர்வை போட்டுவிடலாமா?

பதில்: கூடாது. உலக வர்த்தக அமைப்பின் சுங்க மதிப்பீட்டு உடன்படிக்கைப்படி, வாங்கியவர் உண்மையில் கொடுத்த அல்லது கொடுக்க வேண்டிய விலைதான் முதல் அடிப்படை. சந்தேகம் வந்தால் விளக்கமும் ஆவணமும் கேட்க வேண்டும். அதன் பிறகும் நியாயமான சந்தேகம் நீங்காவிட்டால், இறக்குமதியாளருக்குக் காரணத்தைச் சொல்லிப் பதிலளிக்க வாய்ப்பு தந்து, அதற்குப் பின்பே அந்த விலையைத் தள்ள முடியும். தள்ளிய பிறகும் வரிசை உண்டு: அதே பொருளின் விலை, அதை ஒத்த பொருளின் விலை, உள்நாட்டில் விற்ற விலையிலிருந்து கழித்து வருவது, உற்பத்திச் செலவிலிருந்து கட்டி வருவது, கடைசியாக நியாயமான வழி ஏதாவது. குறைந்தபட்ச விலை என்று ஒன்றை வைத்துக்கொண்டு அதன்மேல் தீர்வை போடுவதை உடன்படிக்கை வெளிப்படையாகவே தடுக்கிறது. 'இதைக் கொஞ்சம் பார்' என்று சொல்வதோடு தரவுத்தளத்தின் வேலை முடிந்தது.

என் தலைக்குனிவு ஒன்றைச் சொல்கிறேன். கையுறைச் சரக்கு ஒன்றில் விலை சரியாகப் பாதி. 'பாதி' என்பது எவ்வளவு துல்லியமாகப் பொருந்துகிறது என்று அப்போதே யோசித்திருக்க வேண்டும். விளக்கம் கேட்டு மூன்று நாள் நிறுத்திவைத்தேன். கடைசியில், இன்வாய்ஸ் ஒற்றைக் கையுறைக்கு விலை போட்டிருந்தது, எங்கள் தரவு ஜோடிக்கு. அலகைப் பார்க்காமல் விலையைப் பார்க்காதே என்று அதற்குப் பிறகு யாரிடமும் சொல்லத் தயங்கியதில்லை.

கேள்வி (பயிற்சி அதிகாரி): முதல் முறை கன்டெய்னர் திறக்கப் போகிறேன். எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: மூச்சை. சில சரக்குகளுக்குப் பூச்சி வராமல் மெத்தில் புரோமைடு, பாஸ்பின் போன்ற நச்சு வாயு அடித்து அனுப்புவார்கள். கதவில் எச்சரிக்கை ஒட்டியிருக்க வேண்டும், ஆனால் கிழிந்தோ ஒட்டப்படாமலோ வருவதும் உண்டு. வாயு அளவைக் கருவியால் பார்க்காமல், காற்றோட்டத்துக்கு நேரம் விடாமல் உள்ளே தலையை நீட்டாதீர்கள். கடற்பயணத்தில் சாய்ந்த சரக்கு கதவோடு சேர்ந்து உங்கள்மேல் விழலாம், ஆகவே நேர் எதிரே நிற்காதீர்கள். சீலை வெட்டுமுன் அதன் எண்ணையும் கன்டெய்னர் எண்ணையும் ஆவணத்தோடு ஒத்துப் பாருங்கள். கன்டெய்னர் எண்ணின் ஏழாவது இலக்கம் சரிபார்ப்புக்கானது, தவறாக எழுதிய எண்ணைக் கணினி அதை வைத்தே கண்டுபிடித்துவிடும். திரும்பப் போடும் சீலின் எண்ணை அங்கேயே நின்று எழுதுங்கள். அலுவலகத்துக்கு வந்து எழுதிக்கொள்ளலாம் என்று விட்ட எண்களால் எத்தனை விசாரணைகள் நீண்டன என்பது எனக்குத் தெரியும்.

கேள்வி (பெயர் சொல்ல விரும்பாத மேற்பார்வையாளர்): என் கீழுள்ள ஒருவர்மேல் கையூட்டுச் சந்தேகம். ஆதாரம் இல்லை. என்ன செய்வது?

பதில்: வதந்தியை வைத்துக் கூப்பிட்டு மிரட்டாதீர்கள். உத்தமர் என்றால் உடைந்துபோவார், இல்லையென்றால் உஷாராகிவிடுவார். எண்ணத் தொடங்குங்கள். எந்தச் சுங்க முகவரின் (இறக்குமதியாளருக்காக ஆவணம் தாக்கல் செய்பவரின்) அறிக்கைகள் எந்த அதிகாரியிடம் போகின்றன, அவர் எவ்வளவு நேரத்தில் விடுகிறார், அதே வகைச் சரக்கில் மற்றவர்கள் குறை காணும்போது அவர் மட்டும் ஏன் காண்பதில்லை?

மடகாஸ்கரின் முக்கியத் துறைமுகத்தில் பொருளியலாளர்கள் இப்படித்தான் பார்த்தார்கள். அறிக்கைகளைத் தற்செயல் முறையில் அதிகாரிகளுக்குப் பிரித்துத் தர வேண்டும் என்பது அங்கே விதி. விதியை மீறி ஒதுக்கப்பட்ட அறிக்கைகளில் வரி ஏய்ப்பு இடர் அதிகம் இருந்தது, ஆனால் அவற்றில்தான் குறை குறைவாகக் காணப்பட்டது, அவைதான் வேகமாகவும் விடுவிக்கப்பட்டன. வருவாய் இழப்பு மொத்த வரியில் ஏறத்தாழ 3 விழுக்காடு என்று கணக்கிட்டார்கள். ஒதுக்கும் வேலையை வெளியாரிடம் கொடுத்தபோது சிறிது காலத்தில் புது வகை முறைகேடு முளைத்தது. ஆகவே அதிகாரியை மட்டும் பார்க்காதீர்கள், வேலையைப் பங்கிடுகிறவரையும் பாருங்கள். உங்கள் பிரிவில் அது நீங்களாக இருக்கலாம். உங்கள் ஒதுக்கீட்டையும் இன்னொருவர் எண்ணிப் பார்க்க வழி செய்துகொடுங்கள்.

எண்ணிக்கையில் ஏதாவது தெரிந்தால் கண்காணிப்புப் பிரிவிடம் ஒப்படையுங்கள். துப்பறியும் வேலை உங்களுடையது அல்ல.

கேள்வி (தரைவழி எல்லை அதிகாரி): லாரி வரிசை கிலோமீட்டர் கணக்கில் நிற்கிறது. மேலிடம் வேகமும் கேட்கிறது, வருவாயும் கேட்கிறது.

பதில்: முதலில் அளந்து பாருங்கள். லாரி வந்த நேரம், ஆவணம் வந்த நேரம், ஆய்வு தொடங்கிய நேரம், பணம் கட்டிய நேரம், வெளியேறிய நேரம் என்று ஒரு வாரம் துண்டு துண்டாகக் குறித்தாலே போதும். உலகச் சுங்க அமைப்பு இதற்கு முறையான வழிகாட்டியே வைத்திருக்கிறது. நாங்கள் அளந்தபோது எங்கள் ஆய்வு எடுத்த நேரம் சிறிய பங்குதான். வண்டி வந்த பிறகே முகவர் ஆவணம் தந்ததும், தாவர நோய்த் தடுப்புக்காரர் மாலையில் தனியாக வந்து அதே பெட்டியை மறுபடி திறந்ததும்தான் பெரிய பங்கு. இரு துறையும் ஒரே நேரத்தில் ஒரே முறை திறப்பது என்று ஏற்பாடு செய்தோம். தீர்வைத் தகராறு முடியும்வரை சரக்கைப் பிடித்துவைக்காமல், வங்கி உத்தரவாதம் வாங்கிக்கொண்டு விடலாம் என்பதையும் மறக்க வேண்டாம். அழுகும் சரக்கு எப்போதும் முதலில்.

கேள்வி (இரவுப் பணி மேற்பார்வையாளர்): நள்ளிரவில் பெரிய இடத்திலிருந்து போன்: 'அந்தப் பெட்டியை விட்டுவிடு.' நீங்கள் இருந்தால் என்ன செய்வீர்கள்?

பதில்: எனக்கும் வந்திருக்கிறது. 'சரி ஐயா, எழுத்தில் அனுப்பிவிடுங்கள், உடனே செய்கிறேன்' என்றேன். மறுமுனையில் சற்று நேரம் பேச்சில்லை. அழைப்பு வந்த நேரம் 1.20, சொன்னவரின் பதவி, சொன்ன வாசகம் மூன்றையும் பதிவேட்டில் எழுதிக் கீழே கையெழுத்திட்டேன். எழுத்தும் வரவில்லை, இரண்டாவது அழைப்பும் வரவில்லை. காலையில் பெட்டியைத் திறந்தோம். அறிக்கையில் சொன்ன பொருள்தான் உள்ளே இருந்தது, எண்ணிக்கைகூட மாறவில்லை. அன்று மதியத்துக்குள் விடுவித்துவிட்டேன், அந்தப் பதிவேட்டுப் பக்கம் மட்டும் அப்படியே இருக்கிறது.