சிஸ்டரிடம் கேளுங்கள்: சீப்பில் சிக்கிய முடி

போன இதழில் புனித பகீத்தா அம்மாளின் திருநாளான பிப்ரவரி 8-ஆம் தேதியைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். ஆள்கடத்தலுக்கு எதிராகக் கத்தோலிக்கத் திருச்சபை 2015 முதல் கடைப்பிடிக்கும் செப நாள் அது. நான் இத்தாலியில் இருந்த காலத்தில், பாலியல் தொழிலுக்காகச் சாலையோரம் நிறுத்தப்பட்ட நைஜீரியப் பெண்களுக்காகத் தூதரகங்களோடும் சேர்ந்து வேலை பார்த்தேன் என்றும் சொல்லியிருந்தேன். அந்த நாலு வரிக்கு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. விஷயம் அப்படிப்பட்டது என்பதால் பெயர்களை விட்டுவிட்டு ஊரை மட்டும் போடுகிறேன்.

கன்னியாஸ்திரிகள் அடைக்கலம் கொடுப்பது புரிகிறது. தூதரகங்களோடு உங்களுக்கு என்ன வேலை? (வாசகர், திண்டுக்கல்)

பாஸ்போர்ட் வேலைதான், வேறென்ன! ஒரு பெண் தப்பித்து வந்து எங்கள் வாசலில் நிற்கிறாள் என்று வையுங்கள். சோறு போடலாம், படுக்கை கொடுக்கலாம். ஆனால் விடிந்தால் அவள் யார் என்று காட்ட ஒரு துண்டுக் காகிதம் இருக்காது. வந்த பாஸ்போர்ட்டே வேறொருத்தி பெயரில் இருந்திருக்கும். அதையும் 'மேடம்' பிடுங்கி வைத்திருப்பாள். மேடம் என்பவள் இந்தப் பெண்களை வரவழைத்துச் சாலையில் நிறுத்திச் சம்பாதிப்பவள்; பெரும்பாலும் அதே ஊர்க்காரி, ஒரு காலத்தில் அதே சாலையில் நின்றவள்.

இத்தாலியில் 1998-இல் வந்த குடியேற்றச் சட்டத்தின் 18-ஆம் பிரிவு இப்படிப்பட்டவர்களுக்கு ஆறு மாதம் தங்க அனுமதி தந்தது. பிறகு நீட்டித்துக்கொள்ளலாம். போலீசில் புகார் கொடுத்தே ஆக வேண்டும் என்று கட்டாயம் இல்லை, மறுவாழ்வுத் திட்டத்தில் சேர்ந்தாலும் போதும். நல்ல சட்டம். ஆனால் அனுமதி கேட்டுப் போகும்போது பாஸ்போர்ட் எங்கே என்பார்களே! அதற்காகத்தான் இத்தாலியில் உள்ள பெண் துறவியரின் ஒன்றியம் ரோமில் இருக்கும் நைஜீரியத் தூதரகத்தோடு பேசி ஓர் ஏற்பாடு செய்துகொண்டது. சகோதரிகள் கடிதம் கொடுத்து அழைத்து வந்தால், தூதரகம் அந்தப் பெண்ணை விசாரித்துப் பாஸ்போர்ட் தரும்.

அப்படி ஒருத்தியோடு நானும் போனேன். பதினெட்டு, பத்தொன்பது வயதுதான் இருக்கும். அதிகாரி ஆங்கிலத்தில் ஆரம்பித்து, சட்டென்று எடோ மொழிக்கு மாறினார். நைஜீரியாவில் எடோ மக்களின் நகரமான பெனின் சிட்டியில் உன் வீட்டிலிருந்து ரிங் ரோட்டுக்கு எப்படிப் போவாய் என்று கேட்டிருக்கிறார். அவள் மேசைமேல் விரலால் கோடு இழுத்து, இங்கே திரும்பணும், அங்கே இறங்கணும் என்று காட்டிக்கொண்டே போனாள். நடுவில் இருவரும் எதற்கோ சிரித்தார்கள். எனக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. அவள் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். அப்புறம் விண்ணப்பத்தில் பெயர் எழுதினாள். எட்டு மாதமாக நாங்கள் கூப்பிட்டுக்கொண்டிருந்த பெயர் அது இல்லை.

வத்திக்கானுக்கு என்று தனியாகத் தூதரகங்கள் உண்டு, தெரியுமல்லவா? அமெரிக்கா அங்கே 1984 முதல் முழுத் தூதரகம் வைத்திருக்கிறது. 2004 வாக்கில் அந்தத் தூதரகம் பணம் கொடுக்க, ஐ.ஓ.எம். என்கிற சர்வதேசக் குடிபெயர்வு அமைப்பு பாடம் நடத்த, சகோதரிகளுக்குப் பயிற்சி ஆரம்பித்தது. கடத்தப்பட்டவளை எப்படி அடையாளம் காண்பது, எதைக் கேட்கக் கூடாது, வழக்கறிஞரிடம் எப்போது போவது என்றெல்லாம். பெரிய பெரிய சபைத் தலைவிகள் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்து எழுதிக்கொண்டார்கள். அதன் தொடர்ச்சியாக 2009-இல் 'தலித்தா கூம்' என்ற உலகளாவிய வலையமைப்பு உருவானது. மாற்கு நற்செய்தியில் இயேசு சொல்லும் அரமேயச் சொற்கள் அவை; சிறுமியே, எழுந்திரு என்று பொருள். இதனால் கிடைத்த லாபம் ரொம்பச் சாதாரணமானது. நேப்பிள்ஸில் இருக்கும் சிஸ்டர் பெனின் சிட்டியில் இருக்கும் சிஸ்டருக்குப் போன் போட்டு, 'இவள் அம்மாவை மிரட்டுகிறார்களாம், போய்ப் பார்த்துவிட்டு வா' என்று சொல்ல முடிந்தது.

சத்தியம் வாங்கி அனுப்புவதால்தான் இந்தப் பெண்கள் தப்பி ஓடுவதில்லை என்று படித்தேன். இந்தக் காலத்தில் இதை நம்பலாமா? (வாசகர், திருநெல்வேலி)

தம்பி, உங்கள் ஊர்க் கோயிலில் சூடம் ஏற்றி அணைத்துப் பொய்ச் சத்தியம் செய்வீர்களா? மாட்டீர்கள்தானே? நானும் எங்கள் மாதா சுரூபத்தின் முன்னால் செய்ய மாட்டேன். அவ்வளவுதான் விஷயம்.

அங்கே நடப்பது இது. வெளிநாட்டில் வேலை, முடி அலங்காரக் கடை, குழந்தை பார்க்கிற வீடு என்று சொல்லுவார்கள். புறப்படுவதற்கு முன் ஒரு பூசாரியிடம் அழைத்துப் போவார்கள். கோழியின் இதயத்தைப் பச்சையாக விழுங்கச் சொல்வார்கள். அவளுடைய தலைமுடி, நகம், உள்ளாடை, கொஞ்சம் ரத்தம் எல்லாம் ஒரு பொட்டலமாகக் கட்டப்படும். கடனை முழுக்கக் கட்டுவேன், மேடத்தைக் காட்டிக்கொடுக்க மாட்டேன், மீறினால் பைத்தியமாவேன், சாவேன் என்று வாக்கு. பொட்டலம் பூசாரியிடம் இருக்கும். கடன் எவ்வளவு என்பது இத்தாலிக்கு வந்த பிறகுதான் புரியும். முப்பதாயிரம், நாற்பதாயிரம் யூரோ, சிலருக்கு இன்னும் மேலே.

தூதரகத்துக்கு வந்தாள் என்றேனே, அவள் எங்கள் வீட்டில் தினமும் காலையில் ஒரு காரியம் செய்வாள். தலை வாரியதும் சீப்பில் சிக்கிய முடியை ஒவ்வொன்றாக எடுத்து, சோப்புக் கிண்ணத்தில் போட்டுத் தீக்குச்சி கிழித்து எரிப்பாள். நகம் வெட்டினாலும் அப்படியே. இனி அவளுடைய உடம்பிலிருந்து ஒரு துண்டும் யார் கைக்கும் போகக் கூடாது. குளியலறையில் கருகல் நாற்றம் அடிக்கிறது என்று ஒருத்தி குறை சொன்னாள். நான்தான் விடுங்கள் என்றேன். 'அதெல்லாம் மூடநம்பிக்கை, இயேசு உன்னைக் காப்பாற்றுவார்' என்று முதல் மாதம் அவளுக்கு நானும் போதித்துப் பார்த்தவள்தான். தலையாட்டிவிட்டு மறுநாளும் எரித்தாள். வயிறு வலித்தால்கூடச் சத்தியம்தான் வேலை செய்கிறது என்பாள்.

இதற்கு வழி பிறந்தது எங்கள் பக்கமிருந்து இல்லை. 2018 மார்ச் 9-ஆம் தேதி பெனின் சிட்டியின் பாரம்பரிய அரசர், அதாவது ஓபா இரண்டாம் எவுவாரே, தன் அரண்மனைக்குப் பூசாரிகளையும் தலைவர்களையும் வரவழைத்தார். கடத்தலுக்காக வாங்கப்பட்ட சத்தியங்கள் எல்லாம் செல்லாது என்று அறிவித்தார். இனிமேல் அப்படிச் சத்தியம் வாங்குகிறவர்களையும் கடத்துகிறவர்களையும் சபித்தார். எடோ மக்களுக்கு ஓபா வெறும் ராஜா இல்லை, வழிபாட்டுக்கும் அவர்தான் தலைமை. எந்தப் பூசாரியும் அவருக்குக் கீழேதான். அந்தச் செய்தி போன் வழியாக ஐரோப்பாவில் இருந்த பெண்களுக்கு வந்து சேர்ந்தது. கடன் கட்டுவதைப் பலர் நிறுத்தினார்கள். மேடங்களைப் பற்றிப் பேசவும் துணிந்தார்கள்.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. ஓபா ஆவதற்கு முன் அவர் நைஜீரிய வெளியுறவுப் பணியில் இருந்தவர். அங்கோலா, சுவீடன், அப்புறம் இத்தாலியிலும் தூதர். பிற்பாடு அரியணையில் உட்கார்ந்து எந்தச் சத்தியத்தை உடைத்தாரோ, அதே சத்தியத்துக்குக் கட்டுப்பட்ட பெண்கள் அவர் தூதராக இருந்த நாட்டுச் சாலைகளில்தான் நின்றுகொண்டிருந்தார்கள். தூதராக அவரால் பாஸ்போர்ட்தான் கொடுத்திருக்க முடியும். பொட்டலத்தை அவிழ்க்க ராஜாவாக வேண்டியிருந்தது.

கடத்தல் நின்றுவிட்டதா என்றால் இல்லை. சிலர் சத்தியம் வாங்கும் இடத்தை ஓபாவின் செல்வாக்கு எட்டாத பக்கத்து மாநிலங்களுக்கு மாற்றிக்கொண்டார்கள்.

புனித பகீத்தா அம்மாள் யார்? அவருடைய நாளை ஏன் இதற்குத் தேர்ந்தெடுத்தார்கள்? (வாசகி, தூத்துக்குடி)

சூடானின் டார்பூர் பகுதியில் பிறந்தவர். சிறு வயதில் கடத்தப்பட்டுப் பல கை மாறி விற்கப்பட்டார். பகீத்தா என்றால் அரபியில் அதிர்ஷ்டசாலி. கடத்தியவர்கள் வைத்த பெயர். பயத்தில் சொந்தப் பெயர் மறந்தே போய்விட்டது. கடைசியாக 1883-இல் கார்ட்டூமில் அவரை விலைக்கு வாங்கியவர் இத்தாலியின் தூதரக அதிகாரி ஒருவர். ஆமாம், தூதரக அதிகாரிதான்! அவர் அடிக்கவில்லை, நன்றாகத்தான் வைத்திருந்தார். 1885-இல் இத்தாலிக்குக் கூட்டி வந்து வேறொரு குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டார். அந்த வீட்டம்மா வெனிஸில் கனோசா சபைச் சகோதரிகளிடம் பகீத்தாவைக் கொஞ்ச நாள் விட்டுப் போனார். திரும்பி வந்து கூப்பிட்டபோது இவர் வர மாட்டேன் என்று நின்றுவிட்டார். சகோதரிகள் விடவில்லை, மறைமாவட்டத் தலைமை, அரசு வழக்கறிஞர் என்று விஷயம் போனது. 1889 நவம்பர் 29 அன்று, இத்தாலியச் சட்டத்தில் அடிமை என்று ஒருவர் கிடையாது, ஆகவே இவர் சுதந்திரமானவர் என்று தீர்ப்பாயிற்று. பிறகு அதே சபையில் சேர்ந்து, ஸ்கியோ என்ற ஊரில் சமையற்கட்டும் வாசற்கதவும் பார்த்துக்கொண்டு வாழ்ந்து, 1947 பிப்ரவரி 8-இல் இறந்தார். 2000-இல் புனிதர் பட்டம்.

அடைக்கலம் என்ற பெயரில் மதம் மாற்றுவதுதானே உங்கள் நோக்கம்? கோபித்துக்கொள்ளாமல் பதில் சொல்லவும். (வாசகர், கோவை)

கோபம் இல்லை. நான் பார்த்த பெண்களில் பெரும்பாலோர் ஏற்கெனவே கிறிஸ்தவர்கள், என்னைவிடச் சத்தமாகப் பாடுகிறவர்கள். பயணம் நல்லபடியாக அமைய ஊர்ப் பாஸ்டரிடம் செபம் வாங்கிக்கொண்டு வந்தவர்களும் உண்டு. ஆக மதம் கடத்தலைத் தடுக்கும் என்று பொதுவாகச் சொல்ல எனக்கு வாய் வராது.

எங்கள் கையும் சுத்தமில்லை. அயர்லாந்தில் கன்னியாஸ்திரிகள் நடத்திய மக்தலேன் சலவைக்கூடங்களில் பெண்களைப் பல்லாண்டு பூட்டி வைத்துச் சம்பளமில்லாமல் வேலை வாங்கினார்கள். கடைசிக் கூடம் மூடியது 1996-இல். 2013-இல் அந்நாட்டுப் பிரதமர் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். அதனால்தான் எங்கள் வீட்டில் வெளிக்கதவுச் சாவி பெண்களிடமும் ஒன்று இருக்க வேண்டும் என்று நான் சண்டை போட்டேன். மூன்று மாதம் ஆயிற்று அந்தச் சாவி வாங்க.

2014-இல் திருத்தந்தையும் மற்ற மதத் தலைவர்களும் சேர்ந்து கையெழுத்துப் போட்டார்களே, என்ன ஆயிற்று? (வாசகர், புதுச்சேரி)

டிசம்பர் 2, வத்திக்கானில். திருத்தந்தை பிரான்சிஸ், ஆங்கிலிக்கன் பேராயர் வெல்பி, மாதா அமிர்தானந்தமயி, யூத ரபிகள், எகிப்தின் அல் அசார் இஸ்லாமிய நிறுவனத்தின் பிரதிநிதி எல்லோரும் ஒரே மேடையில் இருந்தார்கள். 2020-க்குள் நவீன அடிமைத்தனத்தை ஒழிப்போம் என்று எழுதினார்கள். 2020 வந்தது, போனது. இருந்தாலும் அந்தப் படத்தை வெட்டி வைத்திருக்கிறேன். அகதி முகாமில் ஒரு முஸ்லிம் பெண்ணிடம் பேச ஆரம்பிக்க உதவியிருக்கிறது.

என் மகனுக்குத் தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று ஏஜென்ட் சொல்கிறார். டூரிஸ்ட் விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாமாம். 19-ஆம் தேதி டிக்கெட். அனுப்பலாமா சிஸ்டர்? (ஒரு தாய், ராமநாதபுரம் மாவட்டம்)

அனுப்பாதீர்கள் அம்மா. டூரிஸ்ட் விசாவில் வேலை பார்க்கச் சட்டத்தில் இடமில்லை. தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று சொல்லித்தான் நம் பிள்ளைகளை எல்லை தாண்டி மியான்மரின் மியாவடிக்குக் கொண்டுபோய், ஆன்லைன் மோசடி செய்ய வைத்து அடைத்தார்கள். 2022-இல் நம் தூதரகங்கள் தலையிட்டு, தமிழ்நாட்டுப் பையன்கள் சிலர் அங்கிருந்து மீண்டு வந்தார்கள். ஏஜென்ட் பதிவு பெற்றவரா என்று மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பார்க்கலாம். சென்னையில் குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகமும் இருக்கிறது.

இதழ் அச்சாகி உங்கள் கைக்கு வருவதற்குள் 19 தாண்டிவிடும் என்பதால், கடிதத்தில் இருந்த எண்ணுக்கு அன்றைக்கே கூப்பிட்டேன். பையன்தான் எடுத்தான். "ஏஜென்ட் நம்ம ஊர்க்காரர்தான் சிஸ்டர், எங்க வீட்டுல சாப்பிட்டிருக்கார்" என்றான். மேடமும் பெனின் சிட்டி வீடுகளில் சாப்பிட்டவள்தான் என்று அவனுக்கு அரை மணி நேரம் கதை சொன்னேன். டிக்கெட்டைத் தள்ளிப் போட்டிருக்கிறான். எத்தனை நாளைக்கு என்று சொல்லவில்லை. அடுத்த செவ்வாய் மறுபடி கூப்பிடுவேன் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.